நாள் தள்ளிப்போனால் எந்தப் படி ஏறுவது?

கோபிச்செட்டிபாளையம் பக்கம் என் கொழுந்தனார் நடத்தும் மெடிக்கலில் ஆறு வருடம் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். ராத்திரி ஒன்பதரைக்கு மேல், ஷட்டரைப் பாதி இறக்கிய நேரமாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டுபவர்கள் உண்டு. பெரும்பாலும் ஆண்கள். ஹெல்மெட்டைக் கழற்ற மாட்டார்கள். செல்போனில் ஒரு கருக்கலைப்பு மாத்திரைப் பெட்டியின் படத்தைக் காட்டி, "இது கிடைக்குமுங்களா?" என்பார்கள். இல்லை என்போம். "அப்ப எங்கீங்க கிடைக்கும்?" அதற்கு எங்களிடம் பதில் இருக்காது.

எங்கள் கடையில் அந்தப் பெட்டியை வைத்ததே இல்லை. கொள்கை என்று ஒன்றுமில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்து அது. எத்தனை வந்தது, எத்தனை போனது, எந்த டாக்டர் எழுதினார் என்று மருந்து ஆய்வாளர் கேட்டால் காட்டுவதற்குக் கணக்கு வேண்டும். மாதம் இரண்டு பெட்டி விற்று வரும் லாபத்துக்கு இந்தத் தலைவலி எதற்கு என்பது கொழுந்தனாரின் கணக்கு. எதிர்க்கடைக்காரரும் அதே கணக்குத்தான் போட்டிருந்தார்.

போன ஆடியில் திருப்பூரிலிருந்து என் சித்தி மகள் கூப்பிட்டாள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. கைக்குழந்தைக்குப் பதினொரு மாதம். "அக்கா, நாள் தள்ளிப் பன்னண்டு நாளாச்சுக்கா. ஜி.ஹெச்.சுக்குப் போகட்டுமா, நர்சிங் ஹோமா, இல்ல மெடிக்கல்ல மாத்திரையே வாங்கிக்கட்டுமா?" அன்றைக்கு அவளுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதையும், அப்புறம் நான் விசாரித்துத் தெரிந்துகொண்டதையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறேன்.

அவளிடம் முதலில் கேட்டது கடைசியாகத் தலைக்கு ஊற்றிக்கொண்ட தேதியை. வாரக் கணக்கு உறவு கொண்ட நாளிலிருந்து போடுவதில்லை, கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து. இது தெரியாமல் "பன்னிரண்டு நாள்தானே" என்று இருந்துவிடுவார்கள். இருபத்தெட்டு நாள் சுற்று என்றால் நாள் தள்ளிய அன்றைக்கே நான்கு வாரம் ஓடிப்போயிருக்கும். அவளுக்கு நாற்பதாம் நாள், அதாவது ஆறு வாரத்துக்கு இரண்டு நாள் குறைவு. இந்த எண்ணைப் பொறுத்துத்தான் எந்தப் படி ஏறலாம் என்பதே இருக்கிறது. நம் சட்டம் 9, 12, 20, 24 என்று வாரங்களில் கோடு போட்டு வைத்திருக்கிறது. ஒவ்வொரு கோட்டைத் தாண்டும்போதும் போகக்கூடிய இடம் குறையும், செலவு கூடும், கையெழுத்தும் கூடும்.

சட்டம் என்றால் 1971இல் வந்து 1972 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் மருத்துவ முறைக் கருக்கலைப்புச் சட்டம். ஆஸ்பத்திரியில் எம்.டி.பி. என்பார்கள். கருக்கலைப்பே சட்ட விரோதம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் நம் பக்கம் நிறைய. படித்தவர்களும் அதில் அடக்கம். அது தப்பு. ஆனால் கேட்ட மாத்திரத்தில் கிடைக்கும் உரிமையும் அல்ல. பெண்ணின் உயிருக்கோ உடல், மன நலத்துக்கோ ஆபத்து, கருவில் குறைபாடு, பலாத்காரம், கருத்தடை பலிக்காமல் போனது ஆகிய காரணங்களில் ஒன்று பொருந்துகிறது என்று பதிவு பெற்ற ஒரு டாக்டர் நல்லெண்ணத்தோடு கருத வேண்டும். 20 வாரம் வரை ஒரு டாக்டர் போதும். 2021இல் சட்டத்தைத் திருத்தும் முன்பு 12 வாரம் தாண்டினாலே இரண்டு பேர் வேண்டியிருந்தது. "திருமணமான பெண்ணும் கணவரும்" என்றிருந்த வாசகம் அந்தத் திருத்தத்தில்தான் "பெண்ணும் துணைவரும்" என்று மாறியது.

சரி, முதலில் மெடிக்கல். கல்லாவில் உட்கார்ந்தவள் என்பதால் இதைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே சொல்வேன்.

நாட்டில் பெரும்பாலான பெண்கள் நடந்த வழி இதுதான். 2015ஆம் ஆண்டு இந்தியாவில் நடந்த கருக்கலைப்புகள் சுமார் 1 கோடியே 56 லட்சம் என்று லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் ஒரு மதிப்பீடு வந்தது. அதில் 73 சதவீதம், ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு, ஆஸ்பத்திரிக்கு வெளியே மாத்திரையால் நடந்தவை. மாத்திரை ஒன்றும் விஷமல்ல. மிஃபெப்ரிஸ்டோன், மிசோபிராஸ்டால் இரண்டும் சேர்ந்த முறை சரியான வாரத்துக்குள், சரியான அளவில் எடுத்தால் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் பலிக்கும். ஆரம்ப வாரங்களில் சரியான தகவலும், தேவைப்பட்டால் ஓட ஒரு ஆஸ்பத்திரியும் இருந்தால் பெண்கள் வீட்டிலேயே எடுத்துக்கொள்ளலாம் என்று உலக சுகாதார நிறுவனமே 2022இல் வழிகாட்டியிருக்கிறது.

அப்படியானால் மெடிக்கல் வழி எதற்கு வேண்டாம் என்கிறேன்? "தகவலும் ஆஸ்பத்திரியும்" என்ற அந்த நிபந்தனைதான் காரணம். ஹெல்மெட் போட்டு வந்தவருக்கு மனைவியின் கடைசித் தேதி தெரியாது. ரத்தசோகை இருக்கிறதா, காப்பர்-டி உள்ளே இருக்கிறதா, போன பிரசவம் எப்படி, எதுவும் தெரியாது. கரு கருப்பையில் இல்லாமல் குழாயில் தங்கியிருந்தால் இந்த மாத்திரை அதைக் கலைக்காது. குழாய் வெடித்தால் உயிருக்கு ஆபத்து. அதைக் கண்டுபிடிக்க ஒரு டாக்டர் பார்த்திருக்க வேண்டும், சந்தேகம் இருந்தால் ஸ்கேனும் எடுத்திருக்க வேண்டும். இவ்வளவும் கடைக்காரர் வேலையல்ல.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. இந்தப் பெட்டியைக் கணக்குக் கேட்டுக் கேட்டு நல்ல கடைகளிலிருந்து விரட்டியாயிற்று. அதனால் கேட்டு வந்தவர்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்களா? இல்லை. பில் கொடுக்காத கடையில் மும்மடங்கு விலைக்கு, பெட்டியும் வழிமுறைத் தாளும் இல்லாமல் துண்டாக வெட்டிய அட்டையாக வாங்கிப் போகிறார்கள். அப்படி வாங்கி இரண்டாம் நாள் ரத்தப்போக்கோடு எங்கள் கடைக்கே வந்து "ரத்தம் நிக்க ஏதாச்சும் குடுங்க" என்று கேட்டவளைப் பார்த்திருக்கிறேன். ஆட்டோ பிடித்து ஜி.ஹெச்.சுக்கு அனுப்பினோம். கட்டுப்பாடு கூடக்கூடப் பாதுகாப்பும் கூடிவிடும் என்று நம்பிக்கொண்டிருந்தவள் நான். அன்றோடு அந்த நம்பிக்கை போயிற்று.

யாராவது ஏற்கெனவே அப்படி எடுத்துவிட்டால்: தடித்த நாப்கின் மணிக்கு இரண்டு வீதம் தொடர்ந்து இரண்டு மணி நேரம் நனைந்தால், காய்ச்சல் விடாவிட்டால், தாங்க முடியாத வயிற்றுவலி, மயக்கம் வந்தால் 108ஐக் கூப்பிடுங்கள். எந்த ஆஸ்பத்திரியானாலும் சரி. என்ன மாத்திரை, எப்போது என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். பெண்ணின் உயிரைக் காக்க உடனே செய்தாக வேண்டும் என்ற நிலையில், அங்கீகாரம் பெற்ற இடமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சட்டமே தளர்த்தியிருக்கிறது.

அடுத்தது நர்சிங் ஹோம். அரசு மருத்துவமனைக்குத் தனி அங்கீகாரம் தேவையில்லை. தனியாருக்குத் தேவை. மாவட்டக் குழு வந்து பார்க்க வேண்டும். 12 வாரம் வரை செய்வதற்குப் பரிசோதனை அல்லது பிரசவ மேசை, கிருமிநீக்கக் கருவி, அதிர்ச்சி நிலைக்குச் சிகிச்சை, வேறு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வண்டி வசதி. அதற்கு மேல் என்றால் ஆபரேஷன் மேசை, மயக்க மருந்துக் கருவிகள் எல்லாம் வேண்டும். விண்ணப்பித்து இரண்டு மாதத்துக்குள் ஆய்வு, அப்புறம் இரண்டு மாதத்துக்குள் சான்றிதழ் என்று 2003 விதிகள் சொல்கின்றன. அங்கீகாரம் இல்லாத இடத்தில் செய்தால் இரண்டு முதல் ஏழு ஆண்டுவரை கடுங்காவல். செய்தவருக்கும் உண்டு, இடத்தின் சொந்தக்காரருக்கும் உண்டு.

இந்த விதிகளில் எனக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை. எழுபதுகளுக்கு முன்பு கருவைக் கலைக்கப்போய் எருக்கங்குச்சியால் செத்தவர்களின் கதை நம் பாட்டிமார் எல்லாருக்கும் ஒன்றாவது தெரியும். மேசையும் மயக்க மருந்தும் கேட்பது நியாயம். ஆனால் சிற்றூர் நர்சிங் ஹோம்காரர் எப்படி யோசிக்கிறார் பாருங்கள். பிரசவம் பார்க்கிறோம், சிசேரியன் செய்கிறோம், பெயர் இருக்கிறது. இதற்கு ஒரு விண்ணப்பம், ஓர் ஆய்வு, மாதாமாதம் ஓர் அறிக்கை, பூட்டி வைக்க வேண்டிய ஒரு பதிவேடு, போதாக்குறைக்கு ஏழு வருடம் என்ற ஒரு பயம். "எங்களுக்கு அந்த அப்ரூவல் இல்லீங்" என்று ஒரு வரியில் முடித்துவிடுகிறார். பிரசவ ஆபரேஷனே செய்யும் இடத்தில் ஆறு வாரக் கருவுக்குச் சிகிச்சை இல்லை என்பது மருத்துவக் காரணத்தால் அல்ல.

அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலம் 2013இல் இதையே வேண்டுமென்று செய்தது. கருக்கலைப்பு செய்யும் டாக்டருக்கு 30 மைலுக்குள் ஒரு ஆஸ்பத்திரியில் நோயாளியைச் சேர்க்கும் அனுமதி வேண்டும், கிளினிக் அறுவை மையத்தின் தரத்தில் கட்டப்பட வேண்டும் என்று சட்டம் போட்டார்கள். நாற்பதுக்கு மேல் இருந்த கிளினிக்குகள் பாதியாகக் குறைந்தன. 2016இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அந்த விதிகளை ரத்து செய்தது. 2022இல் அதே நீதிமன்றம் கருக்கலைப்புக்கு இருந்த அரசியல் சட்டப் பாதுகாப்பையே எடுத்துவிட்டது, அது வேறு கதை. அங்கே கதவை மூடத்தான் விதி போட்டார்கள். இங்கே திறக்கப் போட்ட விதி, ஃபைல் நகராததால் பாதிக் கதவாக நிற்கிறது. வெளியே நிற்கும் பெண்ணுக்கு இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியப்போவதில்லை.

நர்சிங் ஹோமுக்குப் போவதானால் வரவேற்பறைச் சுவரைப் பாருங்கள். அங்கீகாரச் சான்றிதழை எல்லாருக்கும் தெரிகிற மாதிரி மாட்ட வேண்டும் என்பது விதி. எத்தனை வாரம் வரை என்பதையும் பாருங்கள். இல்லாவிட்டால் கேளுங்கள். கேட்டால் கோபப்படுகிற இடம் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

இதிலேயே பலருக்கும் தெரியாத ஒரு சந்து இருக்கிறது. 9 வாரத்துக்குள் மாத்திரை முறை என்றால், தகுதி பெற்ற டாக்டர் தன் சொந்த கிளினிக்கிலேயே எழுதித் தரலாம். அங்கீகாரம் பெற்ற ஓர் ஆஸ்பத்திரியோடு தொடர்பு இருந்து, அந்த ஆஸ்பத்திரி கொடுத்த சான்றை கிளினிக்கில் மாட்டியிருக்க வேண்டும், அவ்வளவுதான். முன்பு 7 வாரம் என்று இருந்ததை 2021இல் 9 ஆக்கினார்கள். நாள் தள்ளிய பிறகு கையில் ஐந்து வாரம் இருக்கிறது என்று அர்த்தம். மெடிக்கலின் எளிமையும் ஆஸ்பத்திரியின் பாதுகாப்பும் சேர்ந்த வழி இதுதான் என்பது என் கட்சி. ஆனால் எந்த டாக்டர் இப்படிச் செய்கிறார் என்று ஊரில் யாருக்கும் தெரியாது. அவரும் போர்டு போட்டுச் சொல்ல மாட்டார்.

ஜி.ஹெச்.சுக்கு வருவோம். இலவசம். அங்கீகாரக் கேள்வியே இல்லை. பயிற்சி பெற்ற டாக்டரும் கருவியும் இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில்கூட ஆரம்ப வாரங்களில் செய்ய சட்டத்தில் இடமுண்டு. நடப்பில் அங்கே "ஜி.ஹெச்.சுக்குப் போங்க" என்பார்கள், தாலுகா ஆஸ்பத்திரியில் "பெரியாஸ்பத்திரிக்குப் போங்க" என்பார்கள். ஒவ்வொரு "போங்க"வுக்கும் ஒரு நாள் கூலி போகும்.

சித்தி மகள் முதலில் போனது ஓர் அரசு மருத்துவமனைக்குத்தான். பெயர் வேண்டாம். காலை ஏழு மணிக்கு ஓ.பி. சீட்டு வாங்கி, பதினொன்றரைக்கு உள்ளே போனாள். கேட்ட முதல் கேள்வி: "முதல் குழந்தை பொண்ணா?" அடுத்தது: "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா, கையெழுத்து வேணும்." அப்புறம்: "காப்பர்-டி போட்டுக்கிறதா இருந்தா செவ்வாக்கிழமை வா."

இரண்டாவதும் மூன்றாவதும் சட்டத்தில் இல்லை. பதினெட்டு வயது முடிந்த பெண்ணுக்கு அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவன், மாமியார், அப்பா யாருடைய கையெழுத்தும் வேண்டாம். பதினெட்டுக்குக் கீழே இருந்தாலோ மனநலம் பாதித்திருந்தாலோ மட்டும் பாதுகாவலர் கையெழுத்து. கருத்தடை பற்றி எடுத்துச் சொல்வது டாக்டரின் கடமை, அதையே நிபந்தனையாக்க யாருக்கும் அதிகாரமில்லை.

முதல் கேள்வி மட்டும் வேறு மாதிரி. அந்தச் சந்தேகத்தை நாமே சம்பாதித்துக்கொண்டோம். பெண் சிசுக்கொலை தாங்காமல் அரசு 1992இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கிய ஊர் சேலம். அப்புறம் ஸ்கேன் வந்தது, 1994இல் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் சட்டமும் வந்தது. அந்தச் சட்டம் வேறு, எம்.டி.பி. சட்டம் வேறு. ஆனால் ஸ்கேன் சென்டர்களில் ரெய்டு நடந்த ஊரில் இரண்டும் ஒன்றாகக் கலந்து, கருக்கலைப்பு என்ற சொல்லே குற்றம் மாதிரி ஆகிவிட்டது. ஆறு வாரத்தில் ஆணா பெண்ணா என்று எந்த ஸ்கேனிலும் தெரியாது. ஆறு வாரக்காரியிடம் இந்தக் கேள்வியைக் கேட்பதில் அர்த்தமில்லை. பதினைந்து வாரக்காரியிடம் கேட்டால் நான் குறை சொல்ல மாட்டேன்.

ரகசியம்? பதிவேட்டில் இருக்கும் பெயரை வெளியே சொன்னால் ஓராண்டுவரை சிறை என்று 2021 திருத்தம் சொல்கிறது. நம் பக்கம் பதிவேட்டிலிருந்தா கசிகிறது? எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் பங்காளி வீட்டில் ஒருத்தி நர்ஸாக இருப்பாள், சட்டத்துக்கு அவளைத் தெரியாது. இன்னொன்று, கர்ப்பத்தை ஏற்கெனவே கிராம சுகாதார செவிலியரிடம் பதிந்து பிக்மி என்ற கர்ப்பப் பதிவு எண் வாங்கியிருந்தால் அவர் மாதாமாதம் தேடி வந்து கேட்பார். அவர் வேலை அது. வேண்டுமா வேண்டாமா என்ற யோசனையில் இருப்பவர்கள் முடிவெடுத்த பிறகு பதியலாம்.

திருமணமாகாத பெண்களுக்கு இந்த ஊர்க்கண்தான் பெரிய தடை. 2022 செப்டம்பர் 29 அன்று நம் உச்ச நீதிமன்றம், 20 முதல் 24 வாரம் வரை சில வகைப் பெண்களுக்கு மட்டும் உள்ள சலுகையில் மணமானவர், ஆகாதவர் என்று பிரிக்கக் கூடாது என்று தீர்ப்பளித்தது. கோவைக் கல்லூரி விடுதிப் பெண் ஒருத்தி தாலியில்லாமல் போய் உட்கார்ந்தால் பேச்சு எப்படியிருக்கும் என்பதைத் தீர்ப்பால் மாற்ற முடியாது. அவர்களுக்குச் சொந்த ஊரைவிட கோவை நகரத்தின் அங்கீகாரம் பெற்ற பெரிய ஆஸ்பத்திரி நல்லது. பணம் ஆயிரங்களில் ஆகும், ஆனால் அங்கே யாருக்கும் யாரையும் தெரியாது. பதினெட்டு நிரம்பாத பெண் என்றால் டாக்டர் போக்சோ சட்டப்படி போலீசுக்குத் தகவல் தந்தாக வேண்டும். பெண்ணும் பாதுகாவலரும் கேட்டுக்கொண்டால் பெயர், அடையாளத்தைச் சொல்லாமல் தகவல் தரலாம் என்று அதே தீர்ப்பு வழிவிட்டிருக்கிறது. போலீஸ் பயத்தில் நாட்டு மருந்துக்காரரிடம் கூட்டிப்போகாதீர்கள்.

மலைக்காரர்களுக்கு இந்த ஒப்பீடெல்லாம் பொருந்தாது. தாளவாடியிலிருந்து சத்தியமங்கலத்துக்கு வர திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவு. வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு 40. தாளவாடியில் பலர் கர்நாடகத்துச் சாம்ராஜ்நகருக்கே போய்விடுகிறார்கள், அது கிட்டம். இவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: இரண்டு முறை இறங்கி ஏறும்படி வைத்துக்கொள்ளாதீர்கள். மாத்திரை முறையில் மறுபடி வந்து காட்ட வேண்டும், நடுவில் ரத்தப்போக்கு அதிகமானால் ராத்திரியில் மலை இறங்க வேண்டும். ஒரே நாளில் முடிகிற உறிஞ்சி எடுக்கும் முறை உள்ள ஆஸ்பத்திரியைக் கேட்டு, கீழே சொந்தக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கிவிட்டு ஏறுவது மேல். "டி.என்.சி."தான் செய்வோம் என்று சுரண்டும் பழைய முறையைச் சொன்னால், உறிஞ்சும் முறை உண்டா என்று கேளுங்கள். அதைத்தான் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது.

12 வாரம் தாண்டியவர்கள் சிற்றூர் நர்சிங் ஹோம்களில் ஏறி இறங்கி நாளைக் கடத்த வேண்டாம். நேரே மருத்துவக் கல்லூரி மருத்துவமனைதான்: கோவை, பெருந்துறை, சேலம், கரூர், 2022 ஜனவரியில் திறந்த திருப்பூரும் நாமக்கல்லும். ஐந்தாம் மாத ஸ்கேனில் குறை தெரிந்து வருபவர்களுக்கு 24 வாரம் வரை இரண்டு டாக்டர்கள் ஒப்புக்கொண்டால் போதும். அதற்கு மேல் கடுமையான குறைபாடு என்றால் மருத்துவ வாரியம் மூன்று நாளில் முடிவு சொல்ல வேண்டும். அந்த ஸ்கேனை இருபது வாரத்துக்குத் தள்ளாமல் பதினெட்டிலேயே எடுத்தால் இரண்டு வாரம் கையில் மிஞ்சும்.

சித்தி மகள் செவ்வாய்க்கிழமை போகவில்லை. நான் திருப்பூர் போய், இரண்டு நர்சிங் ஹோமில் "அப்ரூவல் இல்லீங்" கேட்டு, மூன்றாவதில் சுவரில் சான்றிதழைப் பார்த்தோம். அப்போது ஏழு வாரம் ஆகியிருந்தது. ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, சம்மதப் படிவத்தில் அவள் கையெழுத்து மட்டும். மாத்திரை கொடுத்து, பதினைந்து நாள் கழித்து ஒருமுறை வரச் சொன்னார்கள். ஜி.ஹெச்.சில் இலவசமாக முடிந்திருக்க வேண்டியதற்கு அவளுடைய அரை மாதச் சம்பளம் போயிற்று.

வரும்போது டாக்டரிடம் சான்று கேட்டு வாங்கினோம். சட்டப்படி நடந்த கருக்கலைப்புக்கு ஆறு வாரம் சம்பளத்தோடு விடுப்பு சட்டத்திலேயே இருக்கிறது. தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யில் இருப்பவர்களுக்கு அங்கிருந்தே வரும். மெடிக்கலில் வாங்கி விழுங்கியவளுக்கு இந்தக் காகிதம் கிடைக்காது. சான்றைக் கம்பெனி ஆபீஸில் கொடுத்து இருபது நாளாயிற்று, "பார்க்கிறோம்" என்கிறார்களாம். திங்கட்கிழமை இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்கு நேரே போகச் சொல்லியிருக்கிறேன்.